ஓரியூர் செம்மண்ணில் அம்மாவின் நேர்ச்சை

அண்ணன் மகனுக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அம்மா நேர்ந்துகொண்டாள். “அருளானந்தரே, பிள்ளையை எழுப்பிக் கொடும். ஓரியூருக்கு வந்து முடி இறக்கி, கிடா வெட்டிச் சோறு போடுகிறேன்.” போர்ச்சுகலிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஜான் டி பிரிட்டோவைத்தான் நாங்கள் அருளானந்தர் என்கிறோம்; ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் விசுவாசத்துக்காக வெட்டுண்ட புனிதர். பையன் எழுந்துவிட்டான். ஆனால் பரீட்சை, மழை, அண்ணனுக்கு லீவு இல்லை என்று பயணம் தள்ளிக்கொண்டே போனது. புனிதருக்குக் கடன் வைக்காதீர்கள் என்று அம்மா அரித்தெடுக்க, ஒரு புதன்கிழமைக்கு வேன் பிடித்தோம்.

புதன் என்றால் ஓரியூரில் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! வேன் கதவைத் திறக்கும் முன்பே ஒருவர், “அக்கா, முடியெடுக்க ஆள் வேணுமா, சமைக்க இடம் வேணுமா?” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நிழலுக்கு ஒரு விலை, விறகுக்கு ஒரு விலை. அண்ணன் சண்டைக்குப் போக, “கோயிலுக்கு வந்த இடத்துல வாயை விடாதடா” என்று அம்மா அடக்கினாள். நியாயம் என்னவோ அண்ணன் பக்கம்தான்.

மதினி பையனைக் கூட்டிக்கொண்டு மொட்டைக்குப் போனாள். நான் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து புனிதர் வெட்டுண்ட இடத்துக்கு வந்து முழங்காலிட்டேன். 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று அவர் இரத்தம் சிந்திய மண். கையில் எடுத்து நெற்றியில் பூசியதும், கேட்பதற்கென்று மனதில் அடுக்கி வைத்திருந்த விண்ணப்பங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. அவருடைய தாயின் நினைவு வந்துவிட்டது.

லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பையன் அவர். நோயில் விழுந்தபோது, அவர் அம்மாவும் எங்கள் அம்மாவைப் போலத்தான் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான், ஒரு வருடம் சேசு சபைத் துறவியரின் அங்கியைப் போட்டுவிட்டாள். அதோடு நேர்ச்சை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பாள். பிள்ளையோ சபையிலேயே சேர்ந்து, தாய் தடுத்தும் கேளாமல் 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். இங்கே காவி உடுத்தி, புலாலை விட்டு, மறவ நாடெங்கும் நடந்தார். 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். லிஸ்பனுக்குத் திரும்பியபோது, அதற்குள் மன்னராகிவிட்ட அந்த இளவரசரே இங்கேயே இரும் என்றார். இருக்கவில்லை, 1690-இல் திரும்பி வந்தார். அவர் கொல்லப்பட்ட செய்தி லிஸ்பனுக்குப் போய், அரசவைக்கு அழைக்கப்பட்டபோது, அந்தத் தாய் துக்க உடையில் அல்ல, திருநாள் உடையில் வந்தாள் என்று சரித்திரம் சொல்கிறது.

அந்தத் திருநாள் உடைதான் என்னைப் போட்டு உலுக்கியது. பிள்ளையை எழுப்பித் தந்த கடவுளை நம்புவதில் என்ன கஷ்டம்? நானும் நம்புகிறேன். அதே பிள்ளையை அவர் திரும்பக் கேட்டால்? ‘உம்முடைய திருவுளம் நிறைவேறுக’ என்று தினமும் வாய் சொல்கிறது. அன்றைக்கு அந்த வரி தொண்டையைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் நான் செபித்ததெல்லாம் ‘என் திருவுளம் நிறைவேறுக’ என்பதுதானே! பின்னால் நின்ற அம்மாள், “எந்திரிம்மா, மத்தவங்களும் கும்பிடணும்ல” என்று தோளைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி ஆண்டவரே, உம் இஷ்டம் என்று சொன்னேன். முழு மனதோடா என்று கேட்டால், பாதி மனதோடு. அதையும் அவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் நம்புகிறேன்.

திருப்பலியில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று நினைவில்லை. ஒலிபெருக்கி வேறு பாதிக்கு மேல் கரகரத்தது.

சாப்பாட்டுக்கு, பக்கத்து மரத்தடியில் குழந்தைக்குக் காது குத்த வந்திருந்த ஒரு இந்துக் குடும்பத்தையும் அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மொட்டைத் தலையோடு பையன் இலை போட்டான். அருளானந்தரே, உமக்கு நன்றி. ராத்திரியில் ஓடி வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன அந்தத் தம்பிக்கு நன்றி. தூங்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காக்களை நீரே ஆசீர்வதியும். அந்த வார்டிலிருந்து பிள்ளை இல்லாமல் வீடு திரும்பிய தாயையும் மறந்துவிடாதேயும், சாமி.