ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பாட்டு நிற்கும்

என் காரில் ஒரு விசேஷம் இருந்தது. ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பாட்டு நின்றுவிடும். மூன்று நொடி கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பாடும். கிருத்திகைக்குக் கிருத்திகை மாமனாரை மருதமலைக்குக் கூட்டிப் போவேன். கோவையில் எங்கள் கணபதி ஏரியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் முருகன் பாட்டு முக்கால்வாசிதான் கேட்டிருக்கும்.

காரணம் டிக்கிக்குள் இருந்தது. சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்து, அவன் காரில் மாட்டி, அலுத்துப்போய் என் தலையில் கட்டிய பழைய ஆம்ப்ளிஃபயர். அதற்கு பேட்டரியிலிருந்து வரும் தடி ஒயரை ஒரு பித்தளைக் கட்டையின் துளைக்குள் நுழைத்து, மேலே தலையில்லாத ஒரு குட்டி ஸ்க்ரூவால் அழுத்த வேண்டும். அந்த ஸ்க்ரூ மாட்டும்போதே என் கையிலிருந்து நழுவி டிக்கிக்குள் எங்கோ போய்விட்டது. ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தும் கிடைக்கவில்லை. (நாலு வருடம் முன்பு தொலைந்த குடை கிடைத்தது.)

ஹார்டுவேர் கடையில் பார்வைக்கு அதே மாதிரி ஒன்று, ஐந்து எம்எம், வாங்கி வந்தேன். ஒரு சுற்று போனது, அப்புறம் இறுகியது. ஆகா, நல்ல பிடிமானம் என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒரு சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அரைச் சுற்று. திடீரென்று கை லேசானது. ஸ்க்ரூ கிரைண்டர் கல் மாதிரி சுகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை போய்விட்டது.

அதற்கப்புறம் செய்ததையெல்லாம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூ லொடலொடத்தால் தீக்குச்சியை ஒடித்துத் துளைக்குள் போட்டு முடுக்குவோமே, அதைச் செய்தேன். மரத்துக்கு அது சரி, தீக்குச்சியும் மரம்தான். பித்தளைக்கு அது வெறும் குப்பை. அடுத்து, குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை ஸ்க்ரூவில் சுற்றினேன். தண்ணீர் ஒழுகவில்லை, அது மட்டும் நிச்சயம். கடைசியாக சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். அதில்தான் இந்த மூன்று நொடி மௌனம் வரை முன்னேறினேன்.

ஒருநாள் தொட்டுப் பார்த்தால் ஒயர் சுடுகிறது. மேலுறை பழுப்பேறியிருந்தது. அப்போதுதான் கணக்குப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினால் அந்த ஒயரில் 30 ஆம்பியர் ஓடும். லூசான இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காலி. 90 வாட் சூடு. டிக்கிக்குள் ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்குப் போனேன். கணபதியில் டீக்கடைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துளையைப் பார்த்தார். குண்டூசியால் குத்தி, வெள்ளித்தாளைச் சுருள் சுருளாக வெளியே எடுத்தார். கூடவே பாதித் தீக்குச்சி.

“ஏனுங் தம்பி, மரை கழண்டது ஆம்புக்குத்தானுங்களே?”

இதற்கு என்ன பதில் சொல்வது?

சீப்பு மாதிரி பல் பல்லாக இருந்த கேஜ் ஒன்றை எடுத்து, ஒயர் துளைக்குப் பக்கத்திலேயே இருந்த எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துப் பார்த்தார். விஷயம் அங்கே உடைந்தது. ஆம்ப் அமெரிக்கா, அதன் மரை இன்ச் கணக்கு. ஒரு இன்ச்சுக்கு 32 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.79 எம்எம். நான் வாங்கிய ஐந்து எம்எம் ஸ்க்ரூவில் அது 0.8. ஏறக்குறைய ஒன்றே, அதனால்தான் உள்ளே நுழைந்தது. ஆனால் பருமனில் ஆம்பின் ஸ்க்ரூ 4.8, நான் வாங்கியது 5. இரண்டு தாயாதிகள் மாதிரி, முகஜாடை ஒன்று, ஒத்துப்போகாது. நான் ரசித்த அந்த ‘நல்ல பிடிமானம்’, எஃகு ஸ்க்ரூ பித்தளையின் மரையை வழித்துக்கொண்டிருந்த சத்தம்தான்.

“ஆறு எம்எம்முக்குப் பெருசு பண்ணிரலாங்க. சுத்தியும் சதை இருக்குது.”

ஐந்து எம்எம் பிட்டால் துளையிட்டார். அதற்கு முன் ஒயர் போகும் ஓட்டையில் துணியை அடைத்து, மீதி இடத்தை எல்லாம் காகிதத்தால் மூடினார். ஒரு பித்தளைப் பிசிறு போர்டில் விழுந்தால் ஆம்பே போய்விடுமாம். மரை வெட்டும் ‘டேப்’ கருவியில் கிரீஸைத் தடவினார், பிசிறு அதிலேயே ஒட்டிக்கொள்ள. அப்புறம் அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அவசரமே இல்லை. நடுவில் டீ வந்தது, குடித்தார். நான் மாதக்கணக்கில் போராடிய வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. கூலி அறுபது ரூபாய், ஸ்க்ரூ உள்பட. தீக்குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த கிருத்திகை. முதல் ஸ்பீடு பிரேக்கர். முன்சக்கரம் ஏறியது, பாட்டு நிற்கவில்லை. பெருமையோடு கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தேன். பின்சக்கரம் ஏறியபோது அவர் தலை கூரையில் இடித்தது.

“ஏனுங்க மாப்பிள்ளை, ரிப்பேரைச் சரி பண்ணீட்டீங்களா?”

“ஆமாங்க மாமா.”

“அதானே பார்த்தேன்” என்று உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டார். “முன்னெல்லாம் பாட்டு நின்னதுமே மேல கைப்பிடியைப் புடிச்சுக்குவேனுங்க.”