கீழக்கரை மெல்லிசைப் பாடல்கள்: மோனோவிலிருந்து ஸ்டீரியோவுக்கு

கீழக்கரையில் எண்பதுகளில் பாடிவந்த ஒரு மெல்லிசைக் குழுவின் பாடல்களைத் தொகுப்பாக வெளியிடும் பணி என்னிடம் வந்தபோது, கையில் இருந்தவை அன்று விற்பனைக்கு வந்த மோனோ கேசட்டுகள், அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து இரு பக்கமும் ஒரேபோலக் கேட்பவை மட்டுமே. மோனோவின் ஒலிகளை இரு பக்கமும் வேறுபடுத்திப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சற்றே தாமதப்படுத்தினால் ஸ்டீரியோ போலத் தோன்றும். அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவனம் 1961இல் ‘டுவோஃபோனிக்’ என்று அதைத்தான் செய்தது. பாடுபவரின் குரலைக் கலங்கடிக்கும் அந்த வழியில் எனக்கு உடன்பாடில்லை.

பிறகு, குழுவினர் துபாயிலிருந்து கொண்டுவந்த நான்கு தடக் கருவியில், குரலையும் வாத்தியங்களையும் தனித்தனித் தடங்களாகப் பதிந்த மூலக் கேசட்டுகள் கிடைத்தன. சாதாரண டெக்கில் அவை பாதி வேகத்தில் இழுத்தன. திருப்பிப் போட்டால் பாட்டு பின்னோக்கி ஓடியது. காரணம், அவர்களுடைய கருவி டாஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ; அது நான்கு தடங்களையும் ஒரே திசையில், சாதாரண டெக்கைவிட இருமடங்கு வேகத்தில் பதியும். இரைச்சலைக் குறைக்க அது கையாளும் டிபிஎக்ஸ் முறை, பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கிவிடும்; கேட்கும்போது அதைத் திரும்ப விரித்தாக வேண்டும் என்பதால், அதே கருவியைத் தேடிப்பிடித்தோம்.

கடற்காற்றில் கேசட்டுகளின் உள்தகடு களிம்பேறி, நாடாவை, அதன் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு கழன்றிருந்தது. நாடாக்களை வேறு கூடுகளுக்கு மாற்றி, டாம்பரினின் சலங்கை ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும் வரை ஹெட்டின் கோணத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தேன்.

குரலும் கிட்டாரும் தனித்தனித் தடங்களில் இருந்தன. தபேலா, பேஸ், ஹார்மோனியம் மூன்றையும் இடம் போதாமல் அன்றே ஒரே தடத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதை, கலந்த ஒலிகளைத் தனித்தனியாக்கும் டெமக்ஸ் மென்பொருளில் பிரித்தபோது, தபேலாவின் இடக்கை முழக்கம் பேஸோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் குரலோடு நடுவிலேயே நிறுத்தினால் அந்த ஒட்டல் காதுக்குத் தெரியாது. எனவே ஹார்மோனியத்தை இடப்புறமும் கிட்டாரை வலப்புறமும் வைத்தேன்.

மூலத் தடத்தில் குரல் வறண்டு ஒலித்தது. விற்பனைக் கேசட்டில் கேட்ட எதிரொலியை அவர்கள் கடைசிக் கலவையின்போதுதான் சேர்த்திருக்கிறார்கள். அந்த எதிரொலி இல்லாமல் இவை ஊரார் கேட்டு வளர்ந்த பாட்டாகவே இராது என்பதால், பழைய கேசட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு அதை மீண்டும் உருவாக்கினேன். பலரும் கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு கலவையையும் மறுபடி மோனோவாக்கி, எந்தக் கருவியும் தேய்ந்து மறையவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன்.

மூலக் கேசட் கிடைக்காத பாடல்களை மோனோவாகவே சேர்த்து, உறையிலும் அவ்வாறே அச்சிட்டிருக்கிறோம்.