போர்ட்ஃபோலியோ அச்சுக்குப் போகும் முன் நிறத்தைப் பாருங்கள்
பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து கோலாலம்பூரில் கிராஃபிக் டிசைன் டிப்ளோமா சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மாதாமாதம் சந்தா கட்டி மென்பொருள் வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. கிம்ப், கிரிட்டா என்ற இரண்டு இலவச மென்பொருள்களே போதும், என் போர்ட்ஃபோலியோ முழுவதையும் அவற்றில்தான் முடித்தேன். ஆனால் நிறம் மாறிப்போகும் சிக்கல் கண்டிப்பாக வரும், வந்ததும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், காரணம் வேறு எங்கோ இருக்கும்.

முதலில் கிம்ப்பின் இமேஜ் மெனுவில் மோட், அதாவது படம் நிறங்களைச் சேமிக்கும் முறை, என்னவென்று பாருங்கள். சிவப்பைத் தேர்ந்தெடுத்தும் பிரஷ் சாம்பல் நிறத்திலேயே தீட்டினால் படம் கிரேஸ்கேலில் இருக்கிறது. ஜிஃப் படமாக இருந்தால் இண்டெக்ஸ்டு, அதில் அதிகபட்சம் 256 நிறங்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறங்களைக் காட்டும் ஆர்ஜிபிக்கு மாற்றினால் சரி.

அடுத்து புரொஃபைல், அதாவது படத்திலுள்ள நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு. பலர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐபோன் படங்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே பி3 புரொஃபைலோடு வரும், நண்பரிடம் வாங்கிய கேமராவில் அடோப் ஆர்ஜிபி வைத்திருக்கலாம். ஒரு புரொஃபைலிலிருந்து இன்னொன்றுக்குக் கன்வெர்ட் செய்தால் எண்கள் மாறும், பார்வைக்கு நிறம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வேறு புரொஃபைலை அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், நிறம்தான் மாறித் தெரியும். அடோப் ஆர்ஜிபி படம் தன் புரொஃபைலை இழந்துவிட்டால் மென்பொருள் அதைத் திரைகளுக்கான பொதுவான புரொஃபைலான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு வெளிறிப்போனதாகக் காட்டும். அப்போது அடோப் ஆர்ஜிபியை அசைன் செய்து, அதன்பிறகு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம் அச்சு. பத்துமலையின் 272 படிகளுக்கும் 2018இல் பல வண்ணம் பூசினார்களே, அந்தப் படத்தைத் திரையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், தாளில் நீலமும் பச்சையும் மங்கிவிடும். கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, திரை காட்டும் சில நிறங்களை அச்சு மையால் கொண்டுவரவே முடியாது. கிம்ப்பில் படம் ஆர்ஜிபியில்தான் திருத்தப்படும், கிரிட்டாவில் நேரடியாக அச்சு மைகளின் நிற முறையான சிஎம்ஒய்கேயிலேயே வேலை செய்யலாம். எதில் செய்தாலும், கடையில் எந்த புரொஃபைல் பயன்படுத்துகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் சொல்வார். கிம்ப்பில் அதை சாஃப்ட் ப்ரூஃப் புரொஃபைலாக, அதாவது அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவதற்கான புரொஃபைலாக, கொடுத்து, வியூ மெனுவில் ப்ரூஃப் கலர்ஸைப் போட்டுக்கொண்டு திருத்தினால் எந்த நிறம் மங்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். சில கடைகள் எஸ்ஆர்ஜிபியிலேயே கொடுங்கள் என்பார்கள், அப்படியே கொடுத்துவிடுங்கள்.

இரவில் உட்கார்ந்து செய்பவர்கள் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், அது திரையை மஞ்சளாக்கும், அதைப் பார்த்துத் திருத்திய முகங்கள் மறுநாள் நீலம் பூத்துத் தெரியும். பெரிய அளவில் அச்சடிக்கும் முன் முக்கியமான படங்களை ஒரே ஏ4 தாளில் சின்னதாக அடுக்கி, அதே வகைத் தாளில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதைக் கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.