ஹோட்டல் பிளானுக்கு முன்னால் ரோட்டை அளந்து பாருங்கள்

கோவையில் அவினாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு ரோட்டில், பழைய பஞ்சு குடோன் நின்ற மனை. அங்கே 120 அறைகளோடு ஒரு நட்சத்திர ஹோட்டல் கட்டத் திட்டம். அனுமதி வேலை முழுவதும் என் பொறுப்பு. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால், தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் அது உயர்மாடிக் கட்டடம். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர் ரோடு வேண்டும். எங்கள் பத்திரத்தில் '60 அடி ரோடு' என்று இருந்தது, அதாவது 18.29 மீட்டர். சரி, போதும் என்று நான்கு மாதம் பிளான் வரைந்தோம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் விடிகாலை, பால் வண்டிகள் மட்டும் ஓடும் நேரத்தில், உதவியாளரோடு டேப்பை இழுத்துப் பார்த்தேன். எங்கள் கேட் முன்னால் 18.4. மெயின் ரோட்டை நோக்கி நடக்க நடக்கக் குறைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரருகே 16.7. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

"ஏனுங்க தம்பி, நம்ம கேட்டு முன்னால சரியாத்தானே இருக்குது?" என்று கேட்டார் மனைக்காரர். கேட் முன்னால் மட்டும் இருந்தால் போதாதுங்க அண்ணா, ரோட்டின் நீளத்துக்கும் பார்ப்பார்கள் என்றேன். இரண்டு மாடி போனது, 28 அறைகள் போயின. கல்யாண ஹாலை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கொங்கு நாட்டு முகூர்த்தக் கூட்டம்தான் அறைகளை நிரப்பும் என்றார். அவர் சொன்னது சரி.

அடுத்தது பீளமேடு விமான நிலையத்தால் வந்த வேலை. விமான நிலைய ஆணையம் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட் ரூம், இடிதாங்கிக் கம்பி எல்லாம் அவர்கள் அனுமதிக்கும் உயரத்துக்குள் அடங்க வேண்டும். முதலில் வந்த சர்வேயர் மனையின் மட்டத்தை ஏதோ மேப்பைப் பார்த்து எழுதிவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது. கருவி வைத்து மறுபடி அளந்ததில் இரண்டு மீட்டர் வித்தியாசம்! அந்த இரண்டு மீட்டரில்தான் எங்கள் தொட்டியே இருந்தது.

தீயணைப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டும் கேட்டதைக் கொடுக்கக் கொடுக்க நகர்ந்தன. சமையலறை, சலவைக் கழிவுநீருக்கான சுத்திகரிப்புத் தொட்டிக்கு பேஸ்மென்ட்டில் முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள், அப்புறம் கார் பார்க்கிங்கில் கைவைக்க வேண்டியிருக்காது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். மாடி குறைந்ததில் நாங்கள் அதற்குள் வரவில்லை.

அனுமதி ஆணை போன மாதம் கைக்கு வந்தது. தை பிறந்ததும் குடோனைப் பிரிக்கிறார்கள். அதன் தேக்கு உத்திரங்களை உடைக்காமல் இறக்கி, லாபிக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.