பத்மினி: முதலில் ஆட்டம், அப்புறம்தான் நடிப்பு

பத்மினியை நடிகை என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனசு வராது. 1932-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, குரு கோபிநாத்திடம் நடனம் கற்று, அக்கா லலிதா, தங்கை ராகினியோடு 'திருவாங்கூர் சகோதரிகள்' என்ற பெயரில் மேடை மேடையாக ஆடி, 1948-இல் உதயசங்கரின் 'கல்பனா' வழியாகத் திரைக்கு வந்தவர் அவர். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் வைஜயந்திமாலாவோடு ஆடும் போட்டி நடனத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். சரி, பேச வேண்டியதுதான்!

ஆனால் எனக்கு 'தில்லானா மோகனாம்பாள்'தான். தூணுக்குப் பின்னால் சிவாஜி ஒளிந்திருக்க, 'மறைந்திருந்தே பார்க்கும்' பாட்டில் கால் தாளத்தை விடாது, கண் மட்டும் அவரைத் தேடிக்கொண்டே இருக்கும், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து ஓடிவிடும். சின்ன வயசிலிருந்து அபிநயம் பழகிய முகத்துக்குத்தான் இது வரும் என்று உறுதியாக நம்புகிறேன். அதுவும் 1968-இல், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து.

அப்புறம் அமெரிக்கா. அங்கேயும் சும்மா இருக்கவில்லை, 1977-இல் நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி தொடங்கினார். 1985-இல் 'பூவே பூச்சூடவா'வில் நதியாவுக்குப் பாட்டியாக வந்தாரே, அதில் ஆட்டம் தேவைப்படாத இடத்திலும் அந்தக் கண்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள்.