வட்டமா, மேகமா?

ஜூலை 8

சாயங்காலம் தண்டையார்பேட்டை ட்யூஷனில் ப்ளஸ் டூவுக்கு நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் அணு மாதிரியை நடத்தினேன். நடுவில் அணுக்கரு, சுற்றி வட்டம், வட்டத்தின்மேல் எலக்ட்ரானாக ஒரு புள்ளி. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மிஸ், போன வருஷம் கெமிஸ்ட்ரில எலக்ட்ரான் மேகம் மாதிரின்னு சொன்னாங்க. நீங்க வட்டம் போடுறீங்க. எது நிஜம்?"

"பரீட்சைக்கு ரெண்டும்" என்று சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உறுத்தியது.

ஜூலை 9

ராத்திரி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்று 1913-இல் வந்த போர் மாதிரி சொல்கிறது. அளந்தாலும் அதேதான். ஆனால் ஆற்றல் மிகக் குறைந்த அடிமட்ட நிலையில், எலக்ட்ரான் சுற்றுவதால் வரும் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) ஒரு அலகு என்கிறது. உண்மையில் அது பூஜ்யம். ஹீலியத்துக்குப் போனால் ஆற்றல் கணக்கும் உதைக்கிறது. விடை சரி, வழி தப்பு. என் பிள்ளைகள் இப்படி எழுதினால் பாதி மார்க்தான்.

ஜூலை 11

மழை. வகுப்பு இல்லை.

ஜூலை 12

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம். ஓரத்தில் பசங்க பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரானுக்கு இயல்பாகவே இருக்கும் கோண உந்தமான ஸ்பின் என்றாலே நாங்களும் அதைத்தான் காட்டுவோம். 1925-இல் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்ற யோசனையை எழுதினார்கள். எலக்ட்ரானை உருண்டையாக வைத்தால் அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும் என்று மூத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். பயந்துபோய் கட்டுரையைத் திரும்பக் கேட்டார்கள். அவர்களுடைய வாத்தியார் எரன்ஃபெஸ்ட், அதை ஏற்கெனவே அனுப்பியாச்சு, சின்னப் பசங்கதானே, ஒரு முட்டாள்தனம் செய்தால் பரவாயில்லை என்றாராம். நல்ல வாத்தியார்!

பம்பரம் பொய்தான். ஆனால் கோண உந்தம் பொய்யில்லை. தொங்கவிட்ட இரும்புத் தண்டின் காந்தத் திசையைப் புரட்டினால் தண்டே லேசாகத் திரும்புகிறது. உள்ளே உருண்டை எதுவும் சுழலாமல் இது எப்படி என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது.

ஜூலை 15

வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ மேகம்தான் நிஜமா மிஸ்?" என்றாள் அதே பெண். அதுவும் நாம் போட்ட படம்தான் என்றேன். ஜப்பானில் 1989-இல் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தார்கள். திரையில் விழுந்தது ஒவ்வொன்றும் ஒரே புள்ளி. மேகத்தின் பாதி, கால் என்று எதுவும் விழவில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் அலைக்கு வருகிற வரிவரியான பட்டைகள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெளியே மீன்காரம்மா குரல் மட்டும். நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன்: வட்டத்துக்குக் கீழே பென்சிலில், "13.6-க்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.