சூவாவ் என்றொரு இழுவைப் படகு

உள்நாட்டுப் போர் என்று மட்டக்களப்பில் வாயைத் திறந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் முதலே சொல்லிவிடுகிறேன், இது அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த போர். அதில் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற நீர்ப்பரப்பில் நடந்த சண்டையை எழுதுகிற எல்லோரும் வடக்கின் மொனிட்டர், தெற்கின் வர்ஜீனியா என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்களோடு நின்றுவிடுவார்கள். எனக்குப் பிடித்தது சூவாவ். பெரிய கப்பல்களை இழுக்கிற சின்ன நீராவிப் படகு, அதில் பீரங்கி பூட்டி யூனியன், அதாவது வடக்குத் தரப்புக் கடற்படை வைத்திருந்தது.

1862 மார்ச் 8, மதியம். எலிசபெத் ஆற்றுப் பக்கம் புகை தெரிகிறது, என்னவென்று பார்த்துவரப் போனது இந்தப் படகுதான். பெரிய கப்பல்களில் அப்போது துவைத்த உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது! சூவாவின் தலைவர் ஹென்றி ரீனிக்கு, பெரிய களஞ்சியம் ஒன்றின் கூரை புகை கக்கிக்கொண்டு மிதந்து வருவது போலத் தெரிந்ததாம். அதுதான் வர்ஜீனியா. சுட்டுப் பார்த்தார்கள். வர்ஜீனியா கணக்கெடுக்கவே இல்லை, போய் கம்பர்லாண்ட் என்ற யூனியன் கப்பலை முட்டி மூழ்கடித்தது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அதைக் கண்ட காங்கிரஸ் என்ற பாய்க்கப்பல், முட்டு வாங்காமல் இருக்க ஆழமில்லாத பக்கம் ஒதுங்கப் பார்த்தது. பக்கத்தில் கட்டிக்கொண்டு அதற்குக் கைகொடுத்தது சூவாவ். வர்ஜீனியா மிதக்க ஏறத்தாழ 22 அடி தண்ணீர் வேண்டும், முகத்துவாரத்து மணல்திட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. முட்ட முடியாத வர்ஜீனியா தள்ளி நின்று சுட்டே காங்கிரஸைச் சரணடைய வைத்தது, கப்பல் நள்ளிரவு வாக்கில் வெடிக்கும் வரை எரிந்தது. சூவாவ் கயிற்றை விட்டுவிட்டுக் குண்டுகளுக்குள்ளால் தப்பி வந்தது.

மொனிட்டர் கூடத் தனியாக வரவில்லை, நியூயோர்க்கிலிருந்து சேத் லோ என்ற இழுவைப் படகு இழுத்து வந்தது. மறுநாள், தரைதட்டிக் கிடந்த மினசோட்டா என்ற யூனியன் கப்பலோடு ஒட்டி நின்ற டிராகன் என்ற இழுவைப் படகில் வர்ஜீனியாவின் குண்டு விழுந்து கொதிகலன் வெடித்தது. இதையெல்லாம் புத்தகங்களில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

நம்மூர்க் கடலிலும் அதே கதைதான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சுழியோடிகள் வருகிறார்கள், அன்றைக்கே மூழ்கிய ஹொலிஹொக் என்ற சின்னக் காவல் கப்பலின் பெயரைக் கல்லடியில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.